குலவைக்கு முன் ஒரு மாத்திரை

மாத்திரையை நாக்கின் நடுவில் வைத்து வாயை மூடிக்கொண்டாள் பாண்டீஸ்வரி. இனி இது கரைந்து முடிகிற வரைக்கும் பேச்சு இல்லை, தண்ணி இல்லை, துப்பக்கூடாது, கடிக்கக்கூடாது. கடிக்கக்கூடாது என்பதுதான் பெரும்பாடு. வாய்க்குள் ஒன்று வந்துவிட்டால் பல்லுக்குப் பொறுமை கிடையாது, பந்தியில் முதல் இலைக்கு ஓடுகிற ஆள் மாதிரி முந்திக்கொண்டு வந்து நிற்கும். கன்னத்தை லேசாக உப்பிப் பல்லைத் தள்ளி வைத்தாள். முதலில் நாக்கை வறட்டிய மாத்திரை பிறகு ஓரத்தில் கசிய ஆரம்பித்தது. கொஞ்சம் இனிப்பு, அதற்கு அடியில் மருந்து வாடை. கரையட்டும், அவசரம் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அவசரம் இருந்தது. தெருக்கோடிக் காளியம்மன் கோயிலில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். கொட்டுக்காரர்கள் தப்பைத் தீயில் காய்ச்சி ஒன்றிரண்டு அடி அடித்துப் பார்ப்பது மதுரைச் சாலையில் போகிற பஸ் சத்தத்துக்கு இடையில் கேட்டது. பொழுது சாய்வதற்குள் முளைப்பாரியைத் தூக்கியாக வேண்டும். குலவை விழுந்தால்தான் முதல் சட்டி தரையை விட்டு எழும்பும், அது இந்தத் தெரு வழக்கம். அந்த முதல் குலவை அவளுடையது. போன வருசம் வாயெல்லாம் வெள்ளை படிந்து, நாக்கைத் தூக்க முடியாமல், காய்ச்சல் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். இந்த வருசமும் வெள்ளை வந்துவிட்டது. ஆனால் இந்த வருசம் அவள் படுக்கவில்லை. குளித்துவிட்டாள், மஞ்சள் சேலை கட்டிவிட்டாள், தலையில் பூ இருக்கிறது. இனி நாக்கு எழும்ப வேண்டியதுதான் பாக்கி. எழும்புமா என்று காலையிலிருந்து அவள் சோதித்துப் பார்க்கவில்லை. ஆறிக்கொண்டிருக்கிற புண்ணைக் கிள்ளிப் பார்ப்பார்களா யாராவது. எழும்பும். இந்த மாத்திரை வேலை செய்கிறது, அது அவளுக்குத் தெரியும். நேற்றுச் சோற்றில் உப்பு தெரிந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு உப்பு உப்பாகத் தெரிந்தது. அதுவரைக்கும் எதைத் தின்றாலும் ஈரப் பஞ்சைத் தின்கிற மாதிரிதான் இருந்தது.

மருந்துகளை அவளுக்கு நிறத்தை வைத்துத்தான் தெரியும். சீட்டில் இருப்பது இங்கிலீசு, அட்டையில் இருப்பதும் இங்கிலீசு, தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். அஞ்சாவதோடு நின்றது, தம்பியைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. முதல்முறை வாயில் வெள்ளை வந்தபோது கொடுத்தது ஊதா மருந்து. குச்சியில் பஞ்சைச் சுற்றி அதில் தொட்டு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, வெள்ளை இருக்கிற இடத்திலெல்லாம் தடவ வேண்டும். காந்தும். கண்ணில் தண்ணி வரும். ஆனால் குறை சொல்லக்கூடாது, அது நல்ல மருந்து. மூணே நாளில் வெள்ளை சுருண்டு உரிந்துவிட்டது. வேலைக்காரன் நல்லவன், ஆனால் ஊரெல்லாம் தண்டோரா போடுகிறவன், அந்த மாதிரி மருந்து. உதடு ஊதா, பல் இடுக்கு ஊதா, தலையணை உறையில் ஊதா, பிள்ளைக்கு முத்தம் கொடுத்தால் பிள்ளை கன்னத்தில் ஊதா. துப்பினால் வாசல் சாக்கடை முழுக்க ஊதா ஓடும், அதற்குப் பயந்து கக்கூசுக்குள் போய்த் துப்பி வாளி வாளியாகத் தண்ணி ஊற்றினாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேதான் நடமாட்டம். அப்படி இருந்தும் வேலுத்தாய் மதினி பார்த்துவிட்டாள். வேலுத்தாய் இவள் புருசனுக்கு மூத்த அக்கா, எதிர் வீடு, கண் என்றால் கண்தான், அரிசியில் கல் பொறுக்குகிற கண். என்னத்தா நாக்கு இப்பிடி இருக்கு என்று கேட்டாள். நாவப்பழம் மதினி என்று இவள் சொல்லிவிட்டாள். வாயில் வந்தது அதுதான். மதினி வானத்தைப் பார்த்தாள், தை மாசத்துப் பனி இன்னும் விலகவில்லை. தை மாசத்துல நாவப்பழமா, எந்த மரத்துலடி, எனக்கும் ரெண்டு உலுப்பிக் குடு என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காததுதான் இன்றைக்கு வரைக்கும் முள்ளாக நிற்கிறது. கேட்டிருந்தால் ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய்யை அடுக்கிச் சமாளித்திருக்கலாம். கேட்காமல் போனவள் என்ன நினைத்துக்கொண்டு போனாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது. இன்றைக்குக் குலவை போடுகிற நேரத்தில் மதினி பக்கத்தில்தான் நிற்பாள். அதனால்தான் ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை ஊதா வேண்டாம் என்று தலையை அசைத்தாள். குலவை போடுகிறவள் நாக்கைத் தெருவே பார்க்கும்.

நாக்கு தானாக நகரப் பார்த்தது. சும்மா இரு என்று மனசுக்குள் அதட்டினாள். மாத்திரை இடப்பக்கம் சரிந்துகொண்டது. இடப்பக்கம்தான் வெள்ளை அதிகம், அங்கேயே கிட, நல்லதுதான். சப்புகிற மருந்துக்கும் தடவுகிற மருந்துக்கும் இதுதான் வித்தியாசம். தடவுவது நாம் பார்த்த இடத்துக்கு மட்டும் போகும், இது எச்சிலோடு எச்சிலாக நாம் பார்க்காத சந்து பொந்துக்கெல்லாம் போகும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, தொண்டைக்குள் அடைப்பு விட்டபோது அவளுக்கே தெரிந்தது. நடுவில் மஞ்சள் மருந்து ஒன்று இருந்தது, கூழ் மாதிரி. வாயில் ஊற்றி அங்கிட்டும் இங்கிட்டும் உருட்டி வைத்திருந்து முழுங்க வேண்டும். மாம்பழ வாசம் அடிக்கும். மகள் யாழினி அதைப் பார்த்து எனக்கும் ஜூஸ் என்று புரண்டு அழுவாள், பாட்டிலை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. மஞ்சள் தீர்ந்துபோய், ஆஸ்பத்திரியிலும் இல்லை என்றபோது கொடுத்தது கண்ணாடி மாதிரி இருந்த சொட்டு மருந்து. நிறமே கிடையாது, தேன் மாதிரி ஒட்டும், காந்தாது, காட்டிக்கொடுக்காது. அது வந்தபோது எவ்வளவு சந்தோசப்பட்டாள். இது நமக்கென்றே பார்த்துச் செய்த மருந்து என்று நினைத்தாள். ஆனால் அதுவும் கேட்கவில்லை, மஞ்சளும் கேட்கவில்லை. வெள்ளை உள்நாக்கு வரைக்கும் இறங்கியது, எச்சில் முழுங்கினால் நெஞ்சுக்குள் கத்தி இறங்கியது. போன ஆடி முழுக்க அப்படி. மருந்துக்கு என்ன கேடு. கேடெல்லாம் இவள் கையில் இருந்தது. மருந்தை வாயில் விட்டு, வைத்திருந்து, முழுங்கி, உடனே சொம்பை எடுத்து மூணு வாய் கொப்பளித்துத் துப்புவாள். எதைத் தின்றாலும் கொப்பளிப்பது சின்னதிலிருந்து வந்த பழக்கம், பிசுபிசுப்பு வாயில் இருந்தால் வேலை ஓடாது. ஒட்டியிருக்க வேண்டிய மருந்தை ஒவ்வொரு தடவையும் கழுவிச் சாக்கடைக்குக் கொடுத்தாள். சாக்கடைக்கு நல்ல வைத்தியம். ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் சரியாப் போடுறியாம்மா என்று கேட்பாங்க. இவள் தலையை ஆட்டுவாள். கொப்பளிக்கலாமா என்று கேட்க ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை வராமல் ஒரு மாசம் போனது, ஒரு முளைப்பாரி போனது.

யாழினி ரிப்பனோடு வந்து நின்றாள், பாவாடை சட்டை, நெற்றியில் அவளே வைத்துக்கொண்ட பொட்டு புருவத்தில் இருந்தது. அம்மா பின்னு, ரெட்டைச் சடை என்றாள். பாண்டீஸ்வரி பேசாமல் இழுத்து மடியில் உட்காரவைத்துச் சீப்பைப் போட்டாள். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தது. வாய்ல மிட்டாயா என்று கேட்டது. இல்லை என்று தலையாட்டினாள். அப்ப ஆ காட்டு. காட்டவில்லை. பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பி, அது கேட்டதற்குப் பதிலாக அதன் வாயையே பார்த்தாள், பிள்ளையும் வஞ்சகமில்லாமல் ஆ என்று காட்டியது. சிவப்பு நாக்கு, சோற்றுப் பருக்கை ஒன்று, அவ்வளவுதான். தினமும் பார்க்கிறாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஒன்றரை வயசில் எடுத்த கடைசிச் சோதனையில் பிள்ளைக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், ஜெசிந்தா சிஸ்டர் இவள் கையைப் பிடித்துக்கொண்டு இல்லம்மா, இல்லவே இல்ல என்று ரெண்டு தடவை சொன்னாங்க. இருந்தாலும் பார்க்கிறாள். பயத்துக்காகப் பார்த்தது ஒரு காலம். இப்போது ஆசைக்காகப் பார்க்கிறாள். தன் வாயில் இல்லாத சுத்தம் பிள்ளை வாயில் இருக்கிறது. அது அவள் செய்த வேலை. வயிற்றில் பிள்ளையோடு முதல் சோதனைக்குப் போனபோதுதான் எச்.ஐ.வி. என்று சொன்னார்கள், பிறகு புருசன் சோணைமுத்துவுக்கும் பார்த்தார்கள், அவருக்கும். அன்றைக்கு அவர் லாரி செட்டில் உட்கார்ந்து அழுததாகப் பிறகு சொன்னார். இவள் அழவில்லை. அழுவதற்கு இடம் எங்கே இருந்தது, சுற்றிலும் ஆள். எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று ஒருநாள் கேட்க நினைத்தாள், பலநாள் நினைத்தாள், பிறகு அந்தக் கேள்வி பழைய சேலை மாதிரி மடித்த இடத்திலேயே நைந்துபோனது. அதற்கென்று கொடுத்த தினசரி மாத்திரையை மட்டும் விடாமல் தின்றாள், பிள்ளைக்குச் சொன்ன மருந்தைச் சொன்ன நேரத்தில் ஊற்றினாள். பயந்த பொம்பளை, வாய் திறக்கத் தெரியாதவள் என்று பேர் எடுத்த பாண்டீஸ்வரி ஒரு பிள்ளையை அந்த வழியாக, ஒரு கீறல் படாமல், இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டாள். சடையை இறுக்கிப் பின்னினாள். வலிக்குதும்மா என்றது பிள்ளை. தளர்த்தினாள்.

அப்படி விடாமல் தின்றவள்தான் இந்தச் சித்திரையில் விட்டாள். தாய்மாமன் செத்து, காரியத்துக்குப் போன வீட்டில், ஒரே கூடத்தில் இருபது பேர் படுத்து எழுந்தார்கள். மாத்திரை டப்பா பையின் அடியில் சேலைக்குள் இருந்தது. எடுத்தால் என்ன மாத்திரை என்று கேட்க ஆள் இருந்தது, கேட்காவிட்டாலும் பார்க்க ஆள் இருந்தது. இன்றைக்கு ஒருநாள் என்று விட்டது, கருமாதி முடியட்டும் என்று ஆனது, கோடித்துணி முறை முடியட்டும் என்று ஆனது. சோணைமுத்துவுக்கு லாரியில் மாத்திரை இருந்தது, ஓட்டத்துக்குப் போய்விட்டார், தின்றார். இவளுக்கு டப்பாவுக்கும் கைக்கும் நடுவில் சொந்தக்காரர்கள். திரும்பி வந்து ஒழுங்காக ஆரம்பித்தாள், ஆனால் வாய் அதற்குள் மறுபடியும் காட்டிக்கொடுத்துவிட்டது. முதலில் நாக்கின் ஓரத்தில் மாவு தூவிய மாதிரி. சுரண்டினால் அடியில் ரத்தச் சிவப்பு. டாக்டர் அதைப் பூஞ்சை என்றார், எல்லார் வாயிலும் கொஞ்சம் இருக்கும், உடம்பு அசந்தால் அது தலையெடுக்கும் என்றார். தலையெடுக்கும். இருட்டும் ஈரமும் இருந்தால் போதும், விதை போட வேண்டாம். கோயில் பின்னறையில் முளைப்பாரி வளர்ந்ததும் அப்படித்தான், சன்னலைச் சாக்கால் மூடி, வெயில் படாமல், தண்ணி தெளித்துத் தெளித்து. தினம் அந்திக்குப் போய்ச் சட்டியைச் சுற்றிக் கும்மி அடித்தபோது அந்த அறையின் வாடை மூக்கில் ஏறும், ஈர மண்ணும் பயிரும் சேர்ந்த வாடை, வெளுத்துப்போன தண்டுகள் மயிர் மயிராக நிற்கும், அப்போதெல்லாம் அவளுக்கு வாயை மூடிக்கொள்ளத் தோன்றும். என் வாய்க்குள்ளும் இப்படி ஒரு அறை இருக்கிறது என்று தோன்றும். ஒருநாள் கும்மியிலிருந்து விலகிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உள்ளே இறங்கினால் என்ன ஆகும், தொண்டைக்கு, இரைப்பைக்கு, நெஞ்சுக்கு. ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்திருக்கிறாள், கஞ்சிகூட இறங்காமல் எலும்பாக உட்கார்ந்திருந்த ஒரு அக்காவை, அந்த அக்காவின் கழுத்தில் தாலிச் சரடு கிணற்றுக் கயிறு மாதிரி தொங்கியது. அந்தக் கழுத்து மனசுக்குள் வந்து நின்றால் லேசில் போகாது. போ. அந்த அக்காவும் பிறகு தேறினாங்க, தை அமாவாசைக்கு முந்தி பார்த்தேனே, கன்னம் வைத்து, ஊதா உதட்டோடு, பஜ்ஜி தின்றுகொண்டு. ஊதா மருந்துதான் அவங்களுக்கு. எனக்கென்னம்மா, யாரு பாக்கப்போறா, பாத்தாத்தான் என்ன என்று சிரித்தாங்க. அவங்களுக்கு அது பொருந்தியது. எனக்கு இது.

நாக்குக்கு அடியில் எச்சில் கட்டிக்கொண்டு வந்தது. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக முழுங்கினாள். தொண்டை உரசியது, ஆனால் கத்தி இல்லை, வெறும் உரசல். கத்தி எப்போது போனது. நேற்றா, முந்தாநாளா. வலி வருகிற நேரம் தெரிகிறது, போகிற நேரம் தெரிவதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும், பிறகுதான் அட என்று தோன்றும். மாத்திரை இப்போது பாதிக்குப் பாதி ஆகியிருந்தது, ஓரம் வழவழத்து, நடுவில் மட்டும் கெட்டி. இதையும் முதலில் தண்ணியோடு முழுங்கியிருப்பாள். வெள்ளை மாத்திரை, பார்க்க எல்லா மாத்திரையும் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு மருந்து கொடுக்கிற சன்னலில் வாங்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தவள் நின்றாள். போன ஆடி ஞாபகம் வந்தது, சாத்திய கதவும், வெளியில் வேறு யாரோ திக்கித் திணறிப் போட்ட குலவையும். திரும்பினாள். டாக்டர் அறையில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தது, ஜெசிந்தா சிஸ்டர் என்னம்மா என்றாங்க. இவள் கதவைப் பிடித்துக்கொண்டு, இது முழுங்குறதா சப்புறதா, அதுக்கப்புறம் கொப்பளிக்கலாமா கூடாதா என்று கேட்டாள். குரல் பெரிசாக வந்துவிட்டது. குரலை அளந்து விடத் தெரியாதவள், ஒன்று வராது, வந்தால் இப்படி. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். சப்பணும்மா, கரையிற வரைக்கும், கடிக்காம, அப்புறம் கொஞ்ச நேரம் எதும் சாப்பிடாம இருக்கணும், கொப்பளிக்கவே கூடாது என்றார். போன தடவ கொப்பளிச்சேன் சார் என்றாள் இவள். யாரும் திட்டவில்லை. அதான் கேக்கலையா என்று மட்டும் சொல்லி, உட்கார்ந்திருந்த அந்த இன்னொரு ஆளைப் பார்த்து, நீங்க எப்பிடிப் போடுறீங்க என்று கேட்டார் டாக்டர். அந்த ஆள் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குத் தெரியாதா அந்தத் தலையாட்டல்.

பேச வராதவளுக்குக் குலவை எப்படி வந்தது என்று இந்தத் தெருவில் இன்றைக்கும் பேசிக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த வருசம், கூட்டத்துக்குப் பின்னால், எல்லாரும் போடுகிறார்களே என்று நாக்கைச் சுழற்றினாள், அவ்வளவுதான். முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள். கொட்டுக்காரர் குச்சியைத் தூக்கியபடி பார்த்தார். வேலுத்தாய் மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஏண்டி, வாய்க்குள்ள இம்புட்டையும் வச்சுக்கிட்டா மூணு மாசமா ம் ம்னு மண்டையாட்டிட்டுத் திரிஞ்ச என்று முதுகில் ஒன்று வைத்தாள். குலவையில் வார்த்தை கிடையாது, அதுதான் காரணம். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயப்பட அதில் ஒன்றும் இல்லை. நெஞ்சிலிருந்து மூச்சு கிளம்பினால் நாக்கு அதை ரெண்டு பக்கமும் அடித்து அடித்து வெளியே விடும், அந்த நேரத்தில் அவள் யாருக்கும் மருமகள் இல்லை, யாருக்கும் பயந்தவள் இல்லை. போன வருசம் அதை இழந்தபோதுதான் தெரிந்தது, உடம்பு மெலிந்ததுகூட அவ்வளவு வலிக்கவில்லை. இந்த வருசமும் போனால் அடுத்த வருசம் கூப்பிடமாட்டார்கள். யாரும் கோபத்தில் செய்யமாட்டார்கள், வேறு ஒருத்தி பழகிவிடுவாள், அவ்வளவுதான், தெரு அப்படித்தான். பிறகு பாண்டீஸ்வரிக்கு மிச்சம் இருப்பது தலையாட்டல் மட்டும்.

கொட்டு முழங்க ஆரம்பித்துவிட்டது. காய்ச்சிய தப்பின் சத்தம் சுவர் வழியாக வந்து அடிவயிற்றில் இடித்தது. யாழினி இதோ ஆரம்பிச்சுட்டாங்க என்று வாசலுக்கு ஓடினாள். இவ்வளவு சீக்கிரமா. மாத்திரை இன்னும் மொச்சைக்கொட்டை அளவு இருக்கிறது. நேரம் கணக்குப் பார்த்துத்தான் போட்டாள், பூசாரி இன்றைக்கு வெயில் இருக்கும்போதே பூசையை முடித்துவிட்டார் போல. வேலுத்தாய் மதினி வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள், ஏத்தா பாண்டி, ஆத்தா காத்துக்கிட்டு நிக்கிறா, நீ இன்னும் கண்ணாடியவா பாத்துக்கிட்டு இருக்க. பாண்டீஸ்வரி எழுந்து வெளியே வந்தாள். வாய் மூடியிருந்தது. மதினி அவள் முகத்தைப் பார்த்தாள், உப்பியிருந்த இடது கன்னத்தைப் பார்த்தாள். என்னத்தடி வாயில போட்டு வச்சிருக்க என்றாள். இவள் கையை மட்டும் அசைத்துக் காட்டிவிட்டு முன்னால் நடந்தாள். நடக்க நடக்கப் பல் மறுபடியும் முந்திக்கொண்டு வந்தது. கடித்துவிடு, ஒரே கடி, முழுங்கிவிடு, யாருக்குத் தெரியும். ஒரு மாத்திரைதானே. ஒரு நாள்தானே. சித்திரையிலும் இதையேதான் சொன்னாய், இன்றைக்கு ஒருநாள் என்று. அவள் பல்லைத் தள்ளி வைத்தாள்.

கோயிலுக்கு முன்னால் சட்டிகளை வரிசையாக வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெயில் பட்டதும் அந்த வெளுத்த பயிர் பொன் மாதிரி நின்றது. பெண்கள் சும்மாட்டுத் துணியோடு குனிந்து தயாராக இருந்தார்கள். பூசாரி வாயில் துணி கட்டிக்கொண்டு திருநீற்றுத் தட்டோடு நின்றார். கொட்டு உச்சத்துக்குப் போய் ஒரே அடியில் நின்றது, குலவைக்காக. தெருவே அவளைப் பார்த்தது. பாண்டீஸ்வரி வலது கையைத் தூக்கினாள், உள்ளங்கை தெரிய. பொறுங்கள்.

அவள் வாழ்நாளில் யாரையும் பொறுக்கச் சொன்னதில்லை. பஸ்ஸைக்கூட நிறுத்தச் சொன்னதில்லை, தன் நிறுத்தம் தாண்டிப்போய் அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறாள். இப்போது ஒரு தெரு பொறுத்திருக்கிறது, கொட்டுக்காரர்கள் குச்சியைத் தூக்கியபடி, பூசாரி தட்டைப் பிடித்தபடி, காளியம்மனும்தான். கையை இறக்கிவிடலாமா என்று தோன்றியது, இறக்கவில்லை. பின்னால் யாரோ ஒருத்தி கிசுகிசுத்தாள். அருள் வருது போல என்றது ஒரு குரல். இல்ல, வாய் கட்டியிருக்கா, பூசாரி மாதிரி, விரதம் என்றது இன்னொன்று. ஒரு ஆம்பளைக் குரல், வெளிச்சம் போகுதுப்பா என்று முனகியது. வேலுத்தாய் மதினி திரும்பி அந்த ஆளை ஒரு பார்வை பார்த்தாள். அவ சொல்றால்ல, பொறுங்கப்பா, இம்புட்டு நாள் பொறுத்தீங்க என்றாள். முனகல் அடங்கியது. அந்த அமைதியில் பாண்டீஸ்வரிக்கு வாய்க்குள் நடப்பது மட்டும்தான் கேட்டது. மாத்திரை சில்லாக மெலிந்து, நாக்கில் மீன் செதிள் மாதிரி ஒட்டி, ஒரு முனை உடைந்து, இன்னொரு முனை மடங்கி, இதோ இருக்கிறது, இதோ இருக்கிறதா, இல்லை. தேடினாள். நாக்கு வாய் முழுக்கப் போய்த் தேடியது, இடது கன்னம், பல்வரிசை, மேலண்ணம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அது நகர்கிறது. காலையிலிருந்து பொத்திப் பொத்தி வைத்திருந்த நாக்கு தங்குதடையில்லாமல் வாய் முழுக்கச் சுற்றி வருகிறது. கடைசி இனிப்பை முழுங்கினாள். கையை இறக்கினாள்.

வாயைத் திறந்தாள். முதல் அடி இடப்பக்கம் சுருக்கென்று குத்தியது. அதற்காக நிற்கவில்லை, நாக்கை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டாள், மூச்சு அடிவயிற்றிலிருந்து வந்தது, ரெண்டு வருசத்து மூச்சு, அவளுக்கே இவ்வளவு இருந்தது தெரியாது. அது தெருவின் அந்தக் கோடிக்குப் போய்ச் சாலையைத் தொட்டுத் திரும்பி வந்தது. மற்றப் பெண்கள் அதில் தொற்றிக்கொண்டார்கள், கொட்டு எழும்பியது, சட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டுத் தலைக்கு ஏறின.

ஆற்றுக்குப் போகிற வழியில் வேலுத்தாய் மதினி சட்டியைத் தலையில் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். கழுத்தைத் திருப்ப முடியாமல் நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"விரதமெல்லாம் இல்லைல்லடி. வாயில என்ன?"

பாண்டீஸ்வரிக்கு ஒரு பழத்தின் பேர்கூட வாயில் வரவில்லை. வரவேண்டும் என்றும் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதில் எவ்வளவு சொல்வது என்று பார்த்தாள், எல்லாவற்றையும் நடுத்தெருவில் கொட்டுச் சத்தத்தில் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் இதைச் சொல்லலாம்.

"மருந்து, மதினி. நாக்குல புண்ணு வரும் எனக்கு. பாதியில கடிச்சா வேலை செய்யாது."

மதினி சட்டியை ஒருதரம் சரியாகப் பிடித்துக்கொண்டாள். பயிர் அவள் நெற்றியில் ஆடியது.

"இப்ப வேலை செய்யுதா?"

"செய்யுது."

"நல்லாத்தான் செய்யுது, காது அடைச்சுப்போச்சு" என்றாள் வேலுத்தாய். "முன்னாடி போ. பாலத்துக்கிட்ட இன்னொன்னு போடணும்."